கை படாத முகம்

அந்தத் தெருவில் அழகில்லாதவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. இருந்தால் டச்சக்கா விட்டுவைத்திருப்பாளா என்ன? தெருமுனை போட்டோ ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவள் புருஷன் வேலை, எடுத்த படத்தை ஆளாக்குவது அவள் வேலை. உள்ளறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள் என்றால் பருவும் தழும்பும் பறந்துவிடும். தூக்கம் கெட்ட கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பைத் துடைப்பாள், முன்வழுக்கையில் நாலு முடியை நட்டுவிடுவாள், இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவாள். "டச் பண்ணிக் குடுங்கக்கா" என்று ஆளாளுக்கு வந்து நின்றே அவளுக்கு டச்சக்கா என்று பெயர் விழுந்தது. ஒருமுறை மில்லில் காவலுக்குச் சேர்ந்த ஒருத்தரை அடையாள அட்டைப் படத்தில் அவள் ரொம்பவும் இளமையாக்கிவிட, வாசலில் நின்ற இன்னொரு காவல்காரர் "இது உங்க மகனோட கார்டு" என்று உள்ளேயே விடவில்லையாம். அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. இன்னும் ரெண்டு காப்பி வேண்டும் என்று கேட்டு வந்தார்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. டச் பண்ணிய படம் மட்டும்தான் கம்ப்யூட்டரில் இருக்கும். முதலில் எடுத்தது, அதாவது ஆள் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிற படம், வேலை முடிந்த கையோடு போய்விடும். இடத்தை அடைத்துக்கொண்டு அது எதற்கு என்பார் ஸ்டுடியோக்காரர். யார் வந்து என் பருவோடு இருக்கிற படத்தைக் கொடு என்று கேட்கப் போகிறார்கள்? நியாயம்தானே. அந்த மழைக்காலம் வரைக்கும் யாரும் கேட்கவும் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள், ஏழாவது படிக்கிறாள். வாயாடி என்று சொன்னால்தான் தெருவில் அடையாளம் தெரியும். பிறந்தபோதே அவளுக்கு இடது கன்னம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது, உள்ளே ஒரு மிட்டாயை ஒதுக்கிவைத்த மாதிரி. அந்தப் பக்கத்து மேலுதட்டில் வெளுப்பாக ஒரு கோடு, கன்னத்தில் பூனைமுடி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்றார்களே தவிர கன்னத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஸ்டுடியோக்காரரின் அக்காதான் போட்டு உடைத்தாள். போட்டோவில் சரிபண்ணிவிட்டால் போகிறது, உனக்குத் தெரியாத வித்தையா என்று தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள்.

டச்சக்காவும் சரிபண்ணினாள். வலது கன்னத்தை எடுத்துத் திருப்பி இடது பக்கத்தில் ஒட்டுவாள். பெற்றவள் கை அல்லவா, ஒட்டுப் போட்ட தடமே தெரியாது. பிள்ளையைப் பிடிக்காமல் செய்ததில்லை. எவளாவது ஒருத்தி படத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டால் தாங்க முடியாதே என்று பயந்து செய்தது. முதல் வருஷம் மனசு உறுத்தியது. அப்புறம் பல் தேய்ப்பது போலப் பழகிவிட்டது. நாளாக நாளாக அப்படி ஒரு வேலையைச் செய்கிறோம் என்பதையே அவள் மறந்துபோனாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே மறந்துதான் போனாள்.

கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் பால்பல் விழுந்து முளைத்த பிறகும் வாயாடிக்கு இடது மேல்வரிசையில் ரெண்டு பல் அசைகிற வழியைக் காணோம். தெருப் பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். அடியில் முளைக்க வேண்டிய பல்லே இல்லை, ஈறு தடித்துக் கிடக்கிறது, மேல்தாடை எலும்பும் அந்தப் பக்கம் மட்டும் பருத்து இருக்கிறது. இது நம்ம கையில் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்றைக்கு டச்சக்கா என்ன செய்தாள் தெரியுமா? மகளை உட்காரவைத்து நூலைப் போட்டுக் கன்னத்துப் பூனைமுடியை எடுத்தாள். உதட்டு வெளுப்பு தெரியாமல் லேசாகச் சாயம் தீட்டினாள். மேலே பவுடர். பெரிய டாக்டரைப் பார்க்கப் போகிறோம், பிள்ளை பளிச்சென்று இருக்க வேண்டாமா? கண்ணாடியில் பார்த்த வாயாடி, கல்யாணத்துக்கா போறோம் என்று கேட்டு ஒரு கொட்டு வாங்கிக்கொண்டாள்.

தாடை டாக்டரம்மா கறாரான ஆள், ஆனால் நிதானமாகப் பேசுகிறவர். வாய்க்குள் விரலைவிட்டு அழுத்திப் பார்த்தார். எலும்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மறுதடவை போனபோது, கெட்ட கட்டி இல்லை, அந்தப் பயம் வேண்டாம் என்று முதலில் சொன்னார். டச்சக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் பேச்சு முடியவில்லை. தானாக வளர்ந்துகொண்டே போகிற எலும்பு ஒன்று உண்டு, பிறவியிலேயே அமைந்துபோய்ப் பிள்ளையோடு பிள்ளையாக இருக்கிறது ஒன்று உண்டு, துணுக்கை மட்டும் வைத்து எது என்று பிரிக்க முடியவில்லை என்றார்.

"எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்தே இருக்கு மேடம்."

"தினமும் பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதும்மா. பழைய போட்டோ இருக்கா? சின்ன வயசுலேர்ந்து வரிசையா?"

டச்சக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாங்க ஸ்டுடியோவே வச்சிருக்கோம் மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பீரோவில் இருந்த பெரிய ஆல்பத்தை எடுத்துப் பையில் போட்டு, மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறையையும் சுற்றிவைத்தாள். ஆல்பத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் இருக்கிற ஒவ்வொரு படமும்தான் அவளுக்கு மனப்பாடமாயிற்றே. ஸ்டுடியோக்காரரும் பார்க்கவில்லை. அடுத்த நாள் காலையில் பஸ்ஸில் நனைந்துகொண்டு போய் அதை டாக்டரம்மாவின் மேஜையில் பெருமையாக வைத்தார்கள்.

டாக்டரம்மா முதல் பக்கத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், கடைசிப் பக்கத்துக்குப் போய் மறுபடி முதலுக்கு வந்தார். முகம் மாறியது.

"இதுல ஒண்ணுமே இல்லையே. போன வருஷம் எடுத்ததுலகூட ரெண்டு கன்னமும் சமமா இருக்கு. அப்ப இவ்வளவும் இந்த ஒரு வருஷத்துல வந்ததா?"

டச்சக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வேகத்தில் வளர்ந்தால் கண்குழி வரைக்கும் போகும், காத்திருக்கக் கூடாது, பல்லோடு சேர்த்து அந்தப் பக்கத்து மேல்தாடையை எடுத்துவிட்டு ஒரு தகடு பொருத்திவிடலாம், அடுத்த வாரமே சேர்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மா அடுக்கிக்கொண்டே போனார்.

"மேடம், அது நான் டச் பண்ணினது" என்றாள் டச்சக்கா.

"எது?"

"எல்லாமே. பொறந்தப்ப எடுத்ததுலேர்ந்து. கன்னத்தை நான்தான் சமமாக்கினேன்."

டாக்டரம்மா ஆல்பத்தை மூடினார். ஆபரேஷன் என்றதும் பெற்றவர்கள் எதையாவது சொல்லித் தள்ளிப்போடப் பார்ப்பதை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

"நீங்க சொல்றதை நம்பறேன்னே வச்சுக்கங்க. நம்பிக்கையை வச்சு என்னால கத்தியைக் கையில எடுக்கவும் முடியாது, கீழ வைக்கவும் முடியாது. கை படாத படம் ஒண்ணு கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து ஸ்டுடியோக்காரர் பழைய மெமரி கார்டுகளையெல்லாம் கொட்டிக் கவிழ்த்தார். அதே கார்டில் எத்தனை கல்யாணம், எத்தனை பாஸ்போர்ட் படம் மேலே மேலே ஏறியிருக்கும். ஒன்றும் தேறவில்லை. வீட்டுப் போனில் எடுத்த படங்களும் டச் பண்ணினவைதான். டச்சக்கா கம்ப்யூட்டரைத் தலைகீழாகப் புரட்டினாள். திறந்த படத்தில் எல்லாம் சமக் கன்னத்தோடு ஒரு பெண் பிள்ளை சிரித்தது. தன் கைவேலையை ஒவ்வொன்றாக மூடினாள். தன் பிள்ளையின் தாடையை அறுக்கிற கத்தியைத் தானே தீட்டிவைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை, பேக்கரியில் வாங்கிய ரொட்டியை டீயில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு அக்காக்காரி குடையோடு வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் நடக்கட்டுமே, ஒரு வகையில் நல்லதுதானே, முகமும் நேராகிவிடும், நாளைக்கு நாலு பேர் முன்னால் நிற்க வேண்டிய பெண் என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். கெட்ட எண்ணம் கிடையாது. நேராக இருந்தால்தான் முகம் என்று நினைக்கிற மனுஷி, அவ்வளவுதான். டச்சக்கா எதிரே நின்று, "தாடையை எடுத்தா அவ எதை வச்சுக் கடிப்பா அண்ணி?" என்று கேட்டாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வாயாடி இறங்கி வந்தாள். அழுதிருக்கிறாள் என்பது தெரிந்தது. ஆனால் குரலில் அழுகை இல்லை.

"அந்த ஆல்பத்துல இருக்கறவ யாரும்மா?"

"நீதான்டி."

"நான் இல்ல. அவளுக்கு ரெண்டும் வலது கன்னம். எனக்கு அவளைச் சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது. வர்றவங்க எல்லாம் முதல்ல அவளைப் பாத்துட்டு அப்புறம் என்னைப் பாப்பாங்க. பாத்ததும் மூஞ்சி சுருங்கும். உனக்கு அது தெரியுமா?"

டச்சக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருப்பாளா? அவள் சுவரில் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். தப்புதான்டி, பெரிய தப்பு பண்ணிட்டேன் என்றாள். வாயாடி ஆணியில் தொங்கிய குடையை எடுத்தாள்.

"நான் அசிங்கமா இருக்கற படம் வேணும், அவ்வளவுதானே? நம்ம வீட்டுலதான் இல்ல. வா, தெருவுல கேப்போம்."

அந்த மழையில் தாயும் மகளும் ஒரே குடையில் தெருவில் இறங்கினார்கள். அப்படி ஒரு வேண்டுதலோடு யாரும் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போனதில்லை. முதலில் பேக்கரி. அடுப்பு அனலில் தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரம்மா, மகன் பிறந்தநாளுக்கு எடுத்த படம் போனில் கிடக்கும் என்று கையைத் துடைத்துக்கொண்டு தேடினாள். கேக்கும் மெழுகுவத்தியும் தெளிவாக இருந்தன. வாயாடி இருந்த ஓரத்தில் யாரோ ஒருத்தர் முழங்கை.

"நான் அசிங்கமா இருக்கற மாதிரி வேற ஏதாவது இருக்கா ஆன்ட்டி?"

"ஐயோ, என்னம்மா இப்படிக் கேக்கற? நீ எதுலயுமே அழகாத்தான் இருப்ப."

"பொய்யெல்லாம் அப்புறம் சொல்லுங்க ஆன்ட்டி. படம் இருந்தா இப்ப குடுங்க."

பேக்கரிக்காரம்மாவுக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. சூடாக ரெண்டு பன்னைக் கையில் திணித்து அனுப்பினாள். அடுத்தது தையல் கடை. தான் தைத்த உடுப்பையெல்லாம் போட்டவர்களோடு நிற்கவைத்துப் படம் எடுத்துவைக்கிற பழக்கம் தையல்காரருக்கு உண்டு. வாயாடிக்கு வருஷா வருஷம் அவர்தான் தைக்கிறார். ஆவலோடு பார்த்தால், எல்லாப் படத்திலும் கழுத்துக்கு மேலே ஆளே இல்லை. உடுப்புதானே முக்கியம் என்று தலையை வெட்டி வைத்திருக்கிறார் மனுஷன். டச்சக்கா அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வாயாடிக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒருத்தர் கன்னத்தை எடுத்தார், இன்னொருத்தர் தலையையே எடுத்துவிட்டார் என்று அவள் சொல்ல, டச்சக்காவும் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் வீடு தெருவின் கடைசியில். அவர் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டவர் கையை எண்ணெய்த் துணியில் துடைத்தபடி வெளியே வந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையையும் வேன் கதவுக்கு முன்னால் நேராக நிற்கவைத்து அவர் போனில் ஒரு படம் எடுப்பார். தான் லீவு போட்டால் மாற்று டிரைவருக்குப் பிள்ளைகளை அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்கு. பழசை அழிக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு எடுத்துப் பார்ப்பது அவருக்கு ஒரு சந்தோஷம்.

"எல்லாம் இருக்கும்மா. உங்ககிட்ட குடுத்துக் கொஞ்சம் டச் பண்ணி வாங்கலாம்னு ரொம்ப நாளா நினைச்சேன். வேலையில மறந்துட்டேன்."

"நல்ல வேளை மறந்தீங்க" என்றாள் டச்சக்கா.

போனை வாங்கிப் பார்த்தாள். எல்.கே.ஜி.யில் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாக்கை நீட்டியபடி நின்றாள் அவள் மகள். இடது கன்னம் தூக்கி, உதட்டில் வெளுப்பு ஒரு கோடாக இறங்கி, வெயிலில் பூனைமுடி மின்ன. அடுத்த வருஷம் அதே கதவு, அதே கன்னம். அதற்கடுத்த வருஷம் முன்பல் இல்லாத சிரிப்பு, இடது பக்கம் மேலே ஏறிய கோணல் சிரிப்பு. அந்தச் சிரிப்பை டச்சக்கா தினமும் நேரில் பார்க்கிறாள், படத்தில் பார்த்ததே இல்லை. எத்தனை சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள். "என் தங்கமே" என்றாள் போனைப் பார்த்து. "இங்க நிக்கறேன்மா" என்றாள் வாயாடி பக்கத்திலிருந்து.

ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன காலையில் டச்சக்கா பவுடர் டப்பாவைத் தொடவில்லை. பூனைமுடி திரும்ப முளைத்திருந்தது. வாயாடி முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, துடைக்காமல்கூடக் கிளம்பினாள். வேன்காரர் போனிலிருந்து அப்படியே பிரின்ட் போட்டுக் கொண்டுபோன படங்களை டாக்டரம்மா வயசு வரிசையில் மேஜையில் பரப்பினார், அந்த எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்தார், குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வாயாடியின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

"இந்த முடி, இந்த உதட்டுக் கோடு, இதெல்லாம் போன தடவை இல்லையே?"

"இருந்தது மேடம். நான்தான் மறைச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"ஏம்மா, டாக்டர்கிட்ட காட்ட வர்ற மூஞ்சிய யாராவது மறைப்பாங்களா?"

"கை பழகிடுச்சு மேடம். இனிமே மறைக்க மாட்டேன்."

டாக்டரம்மா இன்னும் ரெண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாயில் நுழையாத நீளமான ஒரு பெயரைச் சொன்னார்கள். ஒரே பக்கத்தில் எலும்பு, பல், தோல் மூன்றும் சேர்ந்து பிறவியிலேயே இப்படி அமைவது. ரொம்ப அபூர்வம், தங்கள் சர்வீஸில் இதுதான் முதல் தடவை என்றார்கள். பிள்ளையோடு வளருமே தவிர தறிகெட்டு ஓடாது. அறுக்க வேண்டியதில்லை. முளைக்காத பல்லுக்குப் பிற்பாடு வழி செய்யலாம். அதுவரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருதரம் நேராக ஒரு படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். டச் பண்ணாத படம் என்று சொல்லும்போது டாக்டரம்மா சிரித்தேவிட்டார்.

பிறகு வாயாடியைப் பார்த்துச் சொன்னார், வளர்ச்சி முடிந்த பிறகு அவள் ஆசைப்பட்டால் எலும்பைக் கொஞ்சம் சீவி மட்டமாக்கலாம் என்று. டச்சக்காவின் வாய் வரைக்கும் சரி என்கிற சொல் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப பாத்துக்கலாம் டாக்டர்" என்றாள் வாயாடி. "அவசரம் எனக்கு இல்ல. மத்தவங்களுக்குத்தான்."

மழை விட்ட ஒரு மத்தியானத்தில் ஆஸ்பத்திரிக்கான முதல் படத்தை எடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் பழக்கதோஷத்தில் விளக்கை வலது பக்கம் நகர்த்தினார். டச்சக்கா போய் இடது பக்கத்திலும் ஒன்றைப் போட்டாள். சிரிக்காத படம் ஒன்று ஆஸ்பத்திரிக்கு, சிரித்த படம் ஒன்று வீட்டுக்கு. அக்காக்காரியும் வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் சிரித்த படத்தைப் பார்த்தாள், தம்பி மகளைப் பார்த்தாள், டச்சக்காவின் காதோரம் குனிந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குக் குடுக்கறது அப்படியே இருக்கட்டும். இது வீட்டுக்குத்தானே, லேசா ஒரு தட்டு தட்டிவிடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"அப்படி யாருக்கும் தெரியாம தட்டினதுக்குத்தான் அண்ணி இவ தாடையை அறுக்கப் பாத்தாங்க. இனிமே இவ முகத்துல கை வைக்க மாட்டேன். வேணும்னா சொல்லுங்க, உங்க முகத்தைச் சரிபண்ணித் தர்றேன்."

அக்காக்காரிக்குச் சுருக்கென்றது. பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று முணுமுணுத்தாள். பார்க்கட்டும் அத்தை, பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்றாள் வாயாடி.

டச்சக்கா நாற்காலியைவிட்டு எழுந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் வேறு யாரையும் அவள் உட்காரவைத்ததில்லை. மகளின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தாள்.

"நீயே பிரின்ட் போடு. எந்த சைஸ் வேணும்?"

"இருக்கறதுலயே பெரிசு."

"எங்க மாட்டப் போற?"

"வாசல்ல."

மெஷின் உறுமிக்கொண்டு தாளை இழுத்தது. நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு வந்தது. பெரிய தாள் அல்லவா, கன்னமும் பெரிசாகத்தான் வந்தது.